மழைக்காடும் அதன் தொல்குடிகளும்



ஒரு நாட்டின் பழைய வரலாற்றை அறிய வேண்டுமானால் கல்வெட்டைப் பாருங்கள், செப்பேட்டைப் பாருங்கள், பழங்காசுகளைப் பாருங்கள் என்று நாங்கள் வகுப்பறையில் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அது சரியான வழியே. ஆனால், கல்லில் ஒரு வரியும் வெட்டாமல், ஏட்டில் ஓர் எழுத்தும் பொறிக்காமல், காசு என்பதையே அறியாமல், ஒரே நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மக்கள் இருப்பாராயின், அவர்களுக்கு வரலாறு இல்லை என்று சொல்லிவிடலாமா? அவர்களுடைய வரலாறு எங்கே பதிந்திருக்கிறது? அதைப் படிப்பது எங்ஙனம்? இந்த வினாக்களுக்கு விடை தேடும் பொருட்டு, இன்று உங்களை ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியா என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? செம்மண் பாலை, துள்ளி ஓடும் கங்காரு, எண்ணிலடங்கா ஆட்டு மந்தை. இவை உண்மையே. எனினும், அக்கண்டத்தின் நிலப்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சற்றே கூடுதலான ஒரு பகுதி, வானளாவிய மரங்களும் ஓயாத மழையும் நிறைந்த பெருங்காடாக இருக்கிறது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், தெற்கே டவுன்ஸ்வில் நகரிலிருந்து வடக்கே குக்டவுன் வரை, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலை ஒட்டிய மலைத்தொடரில் இது படர்ந்து கிடக்கிறது. இக்காட்டில் பாதுகாக்கப்பட்ட பகுதி மட்டும் 8,940 சதுர கிலோமீட்டர் அளவுடையது. மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான பார்ட்டில் பிரியர் இங்கேதான் 1,600 மீட்டருக்கும் மேல் எழுந்து நிற்கிறது. அதற்கு அண்மையிலுள்ள பெல்லண்டன் கெர் மலையுச்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 8,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த தொல்பழங்காலத்துத் தாவரக் குலங்கள் சில, அழியாமல் இக்காட்டில் இன்றும் தழைத்து நிற்கின்றன.

இந்தக் காடு ஆளற்ற காடு அன்று. குக்கு யலாஞ்சி, ஜாபுகாய், யிடிஞ்சி, குங்காஞ்சி, ஙாஜன், மாமு, ஜிர்பல், கிரமாய் எனப் பெயர் பெற்ற இருபதுக்கும் மேற்பட்ட குடியினர் இதனைத் தத்தம் தாயகமாகப் பகுத்துக்கொண்டு வாழ்ந்தனர். இன்ன ஓடை வரை எமது, அப்பால் உமது என்று எல்லை வகுத்திருந்தனர். மலைமுகடுகளின்மேல் நடைபாதைகள் இருந்தன. அடர்ந்த காட்டினிடையே தீயிட்டுத் திறந்த வெளிகளை உண்டாக்கி, அவை மீண்டும் காடாகிவிடாமல் காத்தனர். பிற்காலத்தில் வந்த வெள்ளையர் இட்ட சாலைகள் பல அப்பாதைகளின்மேல்தான் சென்றன. அவர்கள் முதலில் குடியேறிய வெளிகள் பலவும் இத்தொல்குடிகள் காத்துவைத்த வெளிகளே.

காட்டில் பழம் பறித்து உண்டு வாழ்வது எளிய செயல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மழைக்காட்டின் கொட்டைகளில் பல கொடிய நஞ்சுடையவை. கரும்பயறு என்று பொருள்படும் பெயரை வெள்ளையர் சூட்டிய ஒரு மரம் உண்டு. அதன் பெரிய விதைகளை அப்படியே தின்றால் கடுமையான வயிற்று நோய் வரும். மஞ்சள் வால்நட் என்னும் மரத்தின் கொட்டையும், சைக்காஸ் இனத்தின் வித்தும் அத்தகையவையே. ஆனால் இம்மக்கள் இந்த நஞ்சையே உணவாக்கும் வழியைக் கண்டனர். பெண்கள் அக்கொட்டைகளைச் சேர்த்து, மண்ணடுப்பில் சுட்டு அல்லது ஆவியில் வேகவைத்து, நத்தை ஓட்டின் கூரிய விளிம்பால் மெல்லிய சீவல்களாகச் சீவுவர். பின்னர் அவற்றைக் கூடையில் இட்டு, ஓடும் ஓடைநீரில் நாட்கணக்கில் அமிழ்த்தி வைப்பர். நஞ்சு நீரோடு கரைந்து போய்விடும். எஞ்சிய மாவு உணவாகும். வரிவரியாகப் பள்ளம் செதுக்கிய அரைகல் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. அது இந்தப் பகுதிக்கே உரிய கருவி.

இதிலுள்ள அறிவின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். எந்தக் கொட்டையைச் சுட வேண்டும், எதை வேகவைக்க வேண்டும், எதை எத்தனை நாள் நீரில் இட வேண்டும் என்பவற்றுள் ஒன்று தவறினாலும் உண்டவருக்கு ஊறு நேரும். எழுதப்படாத இந்தப் பாடத்தைத் தாய் மகளுக்குக் கைப்பழக்கமாகவே கற்பித்தாள். ரிச்சர்டு காஸ்குரோவ் முதலிய தொல்லியலார் இம்மலைகளில் அகழ்ந்து பார்த்தபோது, 8,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மனிதர் வாழ்ந்த சான்று கிடைத்தது. நச்சுக்கொட்டைகளைப் பதப்படுத்தும் தொழில் பேரளவில் பெருகியது கடந்த 2,000 ஆண்டுகளில்தான் என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே, இம்மக்களின் வாழ்வு மாறாமல் உறைந்து நின்றதன்று. தேவைக்கேற்ப வளர்ந்து வந்தது. தொல்குடி என்றால் தேங்கிய குட்டை என்று கருதுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

கொட்டையை அமிழ்த்தும் கூடையைப் பற்றியும் ஒரு சொல். அது பிரம்பினால் முடைவது. அடியில் இரு கொம்புகள் போன்ற முனைகள் நீண்டு வளைந்து நிற்கும் அழகிய வடிவமுடையது. உலகில் வேறெங்கும் காண்பதரிது. அப்பிரம்பு, நம் மலைகளில் வளரும் பிரம்பின் இனத்தைச் சேர்ந்ததே. ஆசிரியர் கையில் அதனைக் கண்டு அஞ்சிய தலைமுறையினர் எங்கள் தலைமுறையினர்! அங்கே அது மரமேறும் வளையமாகவும், குடிலைக் கட்டும் கயிறாகவும், கூடையாகவும் பயன்பட்டது. வெள்ளையர் இதற்கு வழக்கறிஞர் கொடி என்று பெயரிட்டனர். ஒருமுறை கொக்கி மாட்டினால் எளிதில் விடாது என்பதே காரணமாம். அத்தி மரத்தின் பலகைபோற் பரந்த வேரை வெட்டிப் பெரிய கேடயம் செய்து, மண்வண்ணங்களால் கோலம் தீட்டினர். பல குடியினரும் கூடும் புருன் எனப்பட்ட திடல்களில், அக்கேடயத்தையும் நீண்ட மரவாளையும் ஏந்தி நின்று, பகையையும் வழக்கையும் முறைப்படி தீர்த்துக்கொண்டனர்.

இனி அவர்களுடைய மொழிக்கு வருவோம். நம் நெடுங்கணக்கில் ஙகரம் இருந்தும், அதனை முதலாகக் கொண்ட சொல் நம்மிடம் மிக அரிது. அங்கோ ஙகரத்தில் தொடங்கும் சொற்கள் ஏராளம். இந்த ஒற்றுமை வேற்றுமைகளைக் கொண்டு இனவுறவு கற்பிக்க முயல்வது ஆராய்ச்சி ஆகாது. வியந்து அறிவதோடு நிற்போம். ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்னும் மொழியியலறிஞர் 1963 ஆம் ஆண்டு முதல் இம்மக்களிடையே தங்கி, முதியோரிடம் பாடங்கேட்டு, ஜிர்பல் மொழியின் இலக்கணத்தை 1972 இல் நூலாக வெளியிட்டார். அம்மொழியில் பெயர்ச்சொற்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிகின்றன. ஆடவரும் பெரும்பாலான விலங்குகளும் ஒரு வகுப்பு. பெண்டிரும் நீரும் நெருப்பும் ஒரு வகுப்பு. உண்ணத்தகும் கனிகளும் அவற்றைத் தரும் மரங்களும் ஒரு வகுப்பு. ஏனையவை நான்காவது வகுப்பு. பறவைகள் விலங்குகளோடு சேராமல் பெண்டிர் வகுப்பில் சேர்கின்றன. ஏனென்று கேட்டால், அவை இறந்த பெண்களின் ஆவிகள் என்பது அவர்கள் நம்பிக்கை. திணையும் பாலும் கற்ற உங்களுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஒரு சமூகம் தன் காட்டை எங்ஙனம் நோக்கிற்று என்பதை அதன் இலக்கணமே சொல்லிவிடுகிறது.

அம்மொழியினரிடம் மற்றொரு வியப்பும் உண்டு. மருமகன் தன் மாமியார் காதில் படும்படி பேச நேர்ந்தால், அன்றாடச் சொற்களை வழங்கலாகாது. ஜல்ஙுய் என்னும் தனி வழக்கில்தான் பேச வேண்டும். ஒலியும் இலக்கணமும் பெரும்பாலும் ஒன்றே. சொற்களோ முற்றிலும் வேறு. மரம், விலங்கு, வினை அனைத்திற்கும் இரட்டைப் பெயர்களை ஒவ்வொரு பிள்ளையும் கற்றாக வேண்டும். இத்தகைய மக்களைத்தான் சென்ற நூற்றாண்டுகளில் வந்தவர் சிலர், நூறு சொற்களே அறிந்த காட்டுமிராண்டிகள் என்று எழுதினர்!

இப்போது என் முதல் வினாவுக்கு வருகிறேன். எழுத்தில்லாத மக்களின் நினைவு எவ்வளவு தொலைவு செல்லும்? அதர்ட்டன் பீடபூமியில் ஈச்சம், பாரீன், யூரமோ என மூன்று ஏரிகள் உள்ளன. மூன்றும் எரிமலைப் பிளப்பில் உண்டானவை. அவை தோன்றிய வரலாறாக ஙாஜன் முதியவர் ஒருவர் 1964 இல் டிக்சனிடம் ஒரு கதை சொன்னார். இளைஞர் இருவர் நோன்புக்குரிய விலக்கை மீறினர், வானவில் பாம்பு சினங்கொண்டது, நிலம் இடிபோல் முழங்கிற்று, புயற்காற்று வீசிற்று, வானில் என்றும் கண்டிராத செந்நிற மேகம் எழுந்தது, தரை பிளந்து குடியிருந்தோரை விழுங்கிற்று, அவ்விடமே ஏரியாயிற்று என்பது அக்கதை. எரிமலை வெடிப்பை நேரிற் கண்டவர் சொன்னாற்போல் இல்லையா? கதையை முடித்த முதியவர், அது நடந்த காலத்தில் அங்கே இத்தகைய அடர்ந்த காடு இருக்கவில்லை, திறந்த புதர்வெளியே இருந்தது என்றும் சொன்னார். டிக்சன் அதனை அப்படியே குறித்துக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து, பீட்டர் கெர்ஷா என்னும் அறிஞர் அந்த ஏரியொன்றின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து, அதில் படிந்திருந்த மகரந்தத் துகள்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தார். அங்கே மழைக்காடு வளரத் தொடங்கி ஏறத்தாழ 7,600 ஆண்டுகளே ஆயின என்றும், அதற்கு முன் திறந்த வெளியே இருந்தது என்றும் அவர் ஆராய்ச்சி காட்டிற்று. எரிமலை வெடிப்போ அதற்கும் முற்பட்டது. பள்ளிக்கூடம் கட்டி, நூலகம் அமைத்து, அச்சேற்றிக் காத்தும் நம்மால் நூறாண்டுச் செய்தியைப் பிழையின்றிச் சொல்ல முடிவதில்லை. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலத்தோற்றத்தை வாய்மொழியே காத்துத் தந்தது!

கடற்கரையில் வாழ்ந்த குங்காஞ்சி, யிடிஞ்சி மக்களின் நினைவும் இத்தகையதே. கெய்ர்ன்ஸ் நகருக்கு எதிரே பிட்சுராய்த் தீவு இருக்கிறது. அவர்கள் மொழியில் அதன் பெயர் முன்கை எனப் பொருள்படும். நிலத்தோடு ஒட்டியிருந்த ஒரு கையின் எஞ்சிய பகுதி அது என்பது கருத்து. தீவுக்கும் கரைக்கும் நடுவே, இன்று முழுதும் கடல்நீராக உள்ள ஓரிடத்திற்கு, அங்கு ஒரு காலத்தில் நின்ற மரத்தின் பெயரையே அவர்கள் வழங்கினர். குன்யா என்பவன் விலக்கப்பட்ட மீனைப் பிடித்ததால் கடல் பொங்கி நிலத்தை விழுங்கிற்று என்றும், மக்கள் மலைமீதேறி, கற்களைச் சுட வைத்து உருட்டிக் கடலைத் தடுத்தனர் என்றும் கதை சொல்லினர். பனியூழி முடிந்து பனிப்பாறைகள் உருகிக் கடல்மட்டம் உயர்ந்து, இன்றைய நிலையை எட்டியது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது அறிவியலின் முடிவு. இவ்வளவு நீண்ட நினைவு இயலுமா என்று ஐயுறும் அறிஞரும் உளர். ஐயுறுவதும் ஆராய்ச்சியின் ஓர் அங்கமே. ஆயினும், கதையும் நிலமும் இத்துணைப் பொருந்தி நிற்கும்போது, கதை என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது.

ஏன் இக்கதைகள் அழியவில்லை? அவை நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன என்பதே காரணம். ஜாபுகாய் மக்கள், தம் படைப்புக்காலத்து நெறியைப் புலூரு என்பர். புடாஜி என்னும் பெரும் பாம்பு, கடலிலிருந்து சங்கினத்தைச் சுமந்து மேட்டு நிலத்துக் கூடைகளுக்குப் பண்டமாற்றுச் செய்ய ஊர்ந்து சென்ற தடமே ஆறாகவும் ஓடையாகவும் ஆயிற்று என்பது அவர்கள் மரபு. ஆகவே ஆற்றைப் பார்ப்பவன் கதையைக் காண்கிறான். மலையைக் கடப்பவன் அறத்தை நினைக்கிறான். நமக்கு நூல் எதுவோ, அவர்களுக்கு நிலம் அது. இந்த ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்து நான் சொல்லப்போகும் துயரத்தின் அளவு உங்களுக்கு விளங்கும்.

1848 ஆம் ஆண்டு எட்மண்டு கென்னடி என்னும் நிலஆய்வாளர் பன்னிரு துணைவருடன் ராக்கிங்ஹாம் விரிகுடாவில் இறங்கினார். சதுப்பும் காடும் வழக்கறிஞர் கொடியும் அவரை வாரக்கணக்கில் சிறைபிடித்தன. வண்டிகளைக் கைவிட நேர்ந்தது. பதின்மூவரில் உயிரோடு மீண்டவர் மூவரே. அந்தக் காடு பின்னர் மெல்ல மெல்லத் திறக்கப்பட்டது. 1864 இல் கார்டுவெல் துறைமுகம் நிறுவப்பட்டது. 1873 இல் பாமர் ஆற்றில் பொன் கண்டனர். செந்நிறச் சிடார் மரத்தை வெட்டுவோர் ஆறுகளின் வழியே உட்புகுந்தனர். 1876 இல் கெய்ர்ன்ஸ் நகரம் எழுந்தது. 1886 முதல் 1891 வரை கெய்ர்ன்ஸிலிருந்து குரண்டாவுக்கு மலையைக் குடைந்து இருப்புப்பாதை இட்டனர். அது ஜாபுகாய் மக்களின் நிலத்தின் ஊடே சென்றது. கடற்கரைச் சமவெளியில் கரும்பு, மேட்டு நிலத்தில் மக்காச்சோளம், பின்னர்ப் பால்பண்ணை எனக் காடு கழனியாயிற்று.

உணவு தரும் காடு வெட்டப்பட்டதும் மக்கள் கால்நடைகளைக் கொன்று தின்றனர். எதிர்த்து ஈட்டி ஏந்தினர். பதிலாக வந்தது துப்பாக்கி. வெள்ளை அதிகாரிகளின் கீழ், வேற்றுப் பகுதித் தொல்குடி வீரர்களைக் கொண்டு அரசு அமைத்த காவற்படை, குடியேறியோர் சார்பில் குடில்களைச் சூழ்ந்து சுட்டது. மாமு, ஙாஜன், ஜிர்பல் மக்களின் வாய்மொழி வரலாற்றில் அந்த இடங்கள் ஒவ்வொன்றும் பெயரோடு நினைவில் இருக்கின்றன.

1897 இல் குவீன்ஸ்லாந்து அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் பெயரில் பாதுகாப்பு என்ற சொல் இருந்தது. தொல்குடியினரை எந்த இடத்திலிருந்தும் எந்தக் காப்பகத்திற்கும் அகற்றும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. அச்சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் அவர்களுடைய கூலி, திருமணம், நடமாட்டம் அனைத்தும் பாதுகாவலர் எனப்பட்ட அதிகாரிகளின் கையில் சிக்கின. 1914 இல் ஹல் ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பு அமைத்து, சுற்றுப்புறக் குடிகளை அங்குத் திரட்டினர். 1918 மார்ச்சு 10 ஆம் நாள் வீசிய பெரும்புயல் அதனை அழித்தது; பலர் மாண்டனர். எஞ்சியோரைக் கடலுக்கப்பாலுள்ள பாம் தீவுக்குக் கொண்டுபோயினர். ஜாபுகாய் மக்களுட் பலரும் 1913 இல் தொடங்கிய மோனா மோனா சமயக் குடியிருப்பில் வைக்கப்பட்டனர், அங்கே பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளில் வளர்ந்தனர், தாய்மொழி ஒடுக்கப்பட்டது. நிலமே நூலாக இருந்த மக்களிடமிருந்து நிலத்தைப் பறித்தால், நூலகத்தைக் கொளுத்தியதற்கு ஒப்பன்றோ?

ஆயினும் நூல் முழுதும் எரிந்துவிடவில்லை. குடியிருப்புகளிலிருந்து தப்பிக் காட்டுக்குத் திரும்பியோர் உண்டு. வடக்கே குக்கு யலாஞ்சி மக்களுட் பலர் தகரச் சுரங்கத்தாருக்கும் பண்ணையாருக்கும் வேலை செய்துகொண்டே தம் நிலத்தில் தங்கிவிட்டனர். விடுதியில் வாயடைக்கப்பட்ட பாட்டியர், இரவில் பேரப்பிள்ளைகளின் காதில் ஊர்ப்பெயர்களைச் சொல்லினர். அந்தப் பெயர்கள் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றன.

1967 மே 27 ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர், தொல்குடியினரையும் நாட்டின் மக்கள்தொகையில் எண்ணவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் செய்யவும் ஒப்பினர். 1992 சூன் 3 ஆம் நாள், மாபோ வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் வந்தபோது இது எவருக்கும் உரியதல்லாத வெற்றுநிலமாக இருந்தது என்ற கொள்கையைத் தகர்த்தது. டாரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்த எடி மாபோ, தீர்ப்பைக் காணாமலே அதே ஆண்டு சனவரியில் மறைந்தார். 1993 இல் தொல்குடி நில உரிமைச் சட்டம் வந்தது.

இச்சட்டத்தில் ஒரு முரண்பாடு உண்டு. மாணவர்கள் அதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். உரிமை கோருவோர், தம் மரபுச் சட்டங்களையும் வழக்கங்களையும் இடையறாது பின்பற்றி, அவற்றின் வழியே நிலத்தோடு தொடர்பு கொண்டுள்ளமையை மெய்ப்பிக்க வேண்டும். தொடர்பை அறுத்தது யார்? அரசு. அறுபடவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? அகற்றப்பட்ட மக்கள். தள்ளிவிட்டவனே, நீ ஏன் விலகிச் சென்றாய் என்று கேட்பது போன்றது இது. எங்கே அதிகக் கொடுமை நிகழ்ந்ததோ அங்கே மெய்ப்பிப்பது அதிகக் கடினமாயிற்று.

இந்தத் தேர்வில் அவர்களுக்கு எதிர்பாராத ஒரு துணையும் கிடைத்தது. 1938 இல் நார்மன் டிண்டேல், ஜோசப் பேர்டுசெல் என்னும் இரு மானிடவியலார் மோனா மோனா, யர்ரபா, பாம் தீவு முதலிய இடங்களுக்கு வந்து, மக்களை அளந்து, படம் எடுத்து, குலமரபுப் பட்டியல்களை எழுதிக்கொண்டனர். மழைக்காட்டு மக்கள் குள்ள உருவமுடைய தனியினத்தார் என்ற தம் கொள்கையை நிறுவுவதே அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. அக்கொள்கையை அறிவுலகம் பின்னர்க் கைவிட்டது. ஆனால் அந்தப் பட்டியல்கள் எஞ்சின. இன்னார் இன்னாருக்குப் பிறந்தார், இன்ன ஊரினர் என்ற அக்குறிப்புகள், பேரர்கள் தம் பாட்டனின் நிலத்தைக் கேட்கும்போது சான்றாகப் பயன்படுகின்றன. தவறான நோக்கத்தோடு திரட்டிய ஆவணமும் நன்மைக்கு உதவக்கூடும். அதனால்தான் வரலாற்றாசிரியன் எந்த ஏட்டையும் வீசி எறிவதில்லை.

2004 திசம்பர் 17 ஆம் நாள், பாரன் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின்மீது ஜாபுகாய் மக்களின் மரபுரிமையை நீதிமன்றம் ஏற்றது. குவீன்ஸ்லாந்தில் ஒரு தேசியப் பூங்காவின்மீது இத்தகைய உரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. 2007 திசம்பரில் கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களும் ஙாஜன் மக்களும் தம் உரிமைகளைப் பெற்றனர். 2021 செப்டம்பர் 29 ஆம் நாள், டெயின்ட்ரீ தேசியப் பூங்கா உள்ளிட்ட ஏறத்தாழ 1,60,000 ஹெக்டேர் நிலத்தின் உடைமையை மாநில அரசு கிழக்குக் குக்கு யலாஞ்சி மக்களிடம் முறைப்படி திருப்பித் தந்தது. அம்மக்களும் அரசும் சேர்ந்து அப்பூங்காக்களை ஆளும் ஏற்பாடும் அதனோடு செய்யப்பட்டது.

இதற்கிடையே, 1988 இல் இந்த மழைக்காடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். அதனால் மரம் வெட்டும் தொழில் நின்றது, காடு பிழைத்தது. ஆனால் அந்த அறிவிப்பு, அரிய தாவரம், அரிய விலங்கு, இயற்கை எழில் ஆகியவற்றுக்காகவே தரப்பட்டது. அங்கு வாழ்ந்த மனிதரின் பண்பாட்டை அது கணக்கிற்கொள்ளவில்லை. மனிதக்கை படாத காடு என்று புகழ்ந்தனர். தீயிட்டு வெளி காத்தவரும், பாதை அமைத்தவரும், நஞ்சை உணவாக்கியவரும் இதனைக் கேட்டு மகிழ்ந்திருக்க முடியுமா? ஒரு காலத்தில் வெற்றுநிலம் என்று சொல்லி நிலத்தை எடுத்தனர். பின்னர் மனிதக்கை படாத காடு என்று சொல்லிப் பாராட்டினர். இரு கூற்றிலும் மக்கள் மறைந்துபோயினர். அவர்கள் இடைவிடாது முறையிட்டதன் பயனாக, 2005 இல் பதினெட்டுக் குடியினரும் அரசுகளும் காட்டைக் காப்பதில் இணைந்து செயற்பட ஓர் உடன்படிக்கை செய்தனர். 2012 இல் அக்காட்டின் தொல்குடிப் பண்பாட்டு மதிப்பும் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று.

இன்று அங்கு நிலைமை எங்ஙனம்? காட்டுக் காவலராகப் பணிபுரியும் தொல்குடி இளைஞர், முதியோர் காட்டும் பருவத்தில் அளவறிந்து தீயிடக் கற்கின்றனர். மாஸ்மன் பள்ளத்தாக்கில் 2012 இல் திறக்கப்பட்ட நிலையத்தில் குக்கு யலாஞ்சி மக்களே வழிகாட்டிகளாக நின்று, வருவோரைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றனர். கார்டுவெல்லில் கிரமாய் முதலிய குடியினர், தீக்கடையும் பலகையாகிய பாகு என்னும் பழம்பொருளின் வடிவை மண்ணிலும் மரத்திலும் கலையுருவாகச் செய்கின்றனர். எனினும் எல்லாம் நன்றாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஜிர்பல் மொழியைப் பிறந்தது முதல் பேசி வளர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மாமியார் முன் பேசிய ஜல்ஙுய் வழக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. நிலத்தை நீதிமன்றம் மீட்டுத் தரலாம். இறந்த சொல்லை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது. எஞ்சிய சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முதியோரும் ஆசிரியரும் செய்யும் முயற்சி, காலத்தோடு நடத்தும் ஓட்டப்பந்தயமாக இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். எழுத்தில்லாத மக்களுக்கும் வரலாறு உண்டு. அது ஏரியின் சேற்றிலும், அரைகல்லின் வரியிலும், பிரம்புக் கூடையின் பின்னலிலும், ஊர்ப்பெயரின் பொருளிலும் பதிந்து கிடக்கிறது. அதனைப் படிக்க ஒரு துறை அறிவு போதாது. தொல்லியலானும், மொழியியலானும், தாவர நூலானும், கதை சொல்லும் முதியோரும் ஒருங்கே அமர்ந்தால்தான் அது விளங்கும். அவர்களுள் முதியோர்க்கு முதல் இடம் தர வேண்டும். ஏனெனில் மற்றையோர் கண்டுபிடித்ததை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு சிறு பயிற்சியை உங்களுக்குத் தர விரும்புகிறேன். ஆசிரியத் தொழிலில் முதிர்ந்தவனுக்குப் பயிற்சி தராமல் பாடத்தை முடிக்க மனம் வராது. உங்கள் ஊரில் உள்ள குளம், மேடு, பாறை, ஓடை ஆகியவற்றின் பெயர்களையும், அப்பெயர் வந்த காரணத்தையும், வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர்கள் சொல்வதை வெட்டாமல், திருத்தாமல், சொன்னபடியே எழுதுங்கள். டிக்சன் அவ்வாறு எழுதியதால்தான், காடு இல்லாத காலத்தைப் பற்றி முதியவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் நமக்குக் கிடைத்தது.